சம்பந்திக்குக் கிடைத்த வால் எலும்பு

பார்த்த மாத்திரத்தில் உங்களுக்குள் நுழைந்து, உள்ளே கிடக்கிற சாமான்களையெல்லாம் ஒரு நோட்டம் விட்டு, எது எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே சொல்லிவிட்டுப் போகிற ஓர் இனம் உலகத்தில் உண்டு. திருடர்களைச் சொல்லவில்லை. திருடரிடம் ஒரு நாகரிகம் இருக்கிறது. ஆள் இல்லாத நேரம் பார்த்து வருவார். இவர் நீங்கள் இருக்கும்போதே வருவார். "நீங்க யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்பார். தெரியாது என்றால் சொல்லித்தருவார். தெரியும் என்றால், தெரியும் என்று சொல்கிறவர்கள் எந்த வகை என்பதைச் சொல்லித்தருவார். பேசாமல் இருந்துவிட்டால்? அதற்கும் ஒரு வகை வைத்திருக்கிறார்.

எல்லா ஊரிலும் இருக்கிறார். கிர்கிஸ்தானில், கரகோல் என்கிற ஊரில் அவருக்குப் பெயர் தோக்தோசுன்.

மின்சார அலுவலகத்தில் புகார்ப் பிரிவின் தலைவர். ஒரு காலத்தில் அவரும் உங்களையும் என்னையும் போலத்தான் இருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் கோபப்பட்டால் அவருக்குக் கோபம் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பேசாமல் போய்விடுவார். விதி யாரை விட்டது? வாடிக்கையாளர்களைப் புரிந்துகொள்வது எப்படி என்று ஒரு பயிற்சிக்காக அலுவலகம் தன் ஆட்களை ஏரிக்கரை ஓய்வு விடுதி ஒன்றுக்கு அனுப்பியது. தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வெள்ளைக் காலணி போட்ட ஒரு பயிற்சியாளர் வந்து, பலகையில் ஒரு வட்டம் வரைந்து, உலகத்தில் எட்டே வகை மனிதர்கள்தான், ஒவ்வொரு வகைக்கும் ஒரு பலம், ஒரு பயம், உள்ளேயிருந்து பிடித்துத் தள்ளுகிற ஓர் ஆசை, இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் மனிதன் திறந்த கதவு என்றார். மற்றவர்கள் வறுத்த மீன் தின்றார்கள், ஏரியில் குளித்தார்கள், முதுகுத் தோல் உரிந்து ஊர் திரும்பினார்கள். தோக்தோசுன் ஞானத்தோடு திரும்பினார்.

அன்றிலிருந்து அவர் கண்ணுக்கு மனிதர்கள் தெரிவதில்லை. கொடுப்பவர், காவலர், ஆள்பவர், சமாதானி, கவனிப்பவர், திருத்துபவர், கொண்டாடி, தனியர் என்று எட்டுப் பேர்தான் தெருவில் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"எங்க தெருவுல கரண்ட் இல்லைங்க" என்று ஒருவர் அலுவலகத்துக்கு வந்து நிற்பார்.

"உங்களுக்கு இருட்டு பயமில்ல. கைவிட்டுடுவாங்களோங்கறதுதான் பயம். நீங்க காவலர் வகை."

"சரிங்க. கரண்ட் எப்ப வரும்?"

"பாத்தீங்களா, உத்தரவாதம் கேக்கறீங்க. அதேதான்."

வந்தவர் அன்றைக்கு மெழுகுவத்தி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார். தன்னைப் பற்றி ஏதோ தெரிந்துகொண்ட கவலையும் கூடவே போகும்.

துக்க வீட்டில்கூட விடமாட்டார். பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்க, இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே பக்கத்திலிருப்பவர் காதில், "அவரு கொண்டாடி வகை. வலியை நேரா பாக்கமாட்டாங்க. அதான் டாக்டர்கிட்டயே போகல" என்பார். செத்தவர் எழுந்து வந்து மறுக்கவா போகிறார்?

மனைவி அனார்குல் மட்டும் எந்த வகையிலும் நிலையாக நின்றதில்லை. சூப்பு ருசியாக இருந்தால் அவள் கொடுப்பவர். காலணியைக் கழற்றிவிட்டு வரச் சொன்னால் திருத்துபவர். கரண்டியைத் தூக்கினால் ஆள்பவர். "அந்த எட்டுல, புருஷனால நொந்துபோனவள்னு ஒண்ணு இல்லையா?" என்று அவள் ஒருமுறை கேட்டாள். அப்படிக் கேட்பது தனியர் வகையின் அடையாளம் என்றார்.

சரி, இவர் எந்த வகை? நல்ல கேள்வி. எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். அப்போதெல்லாம் தோக்தோசுன் கிண்ணத்துத் தேநீரை ஒருமுறை சுழற்றிவிட்டு, மெல்லச் சிரித்து, "நானா? நான் பாக்கறவன்" என்பார். இந்த இனத்தை நீங்கள் எங்கே கண்டாலும் இந்தச் சிரிப்பைக் கொண்டு அடையாளம் காணலாம்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு மகள். மீரிம். மருந்துக்கடையில் வேலை. மலைக் கணவாய்க்கு அப்பால் நாரின் பக்கத்துக் கால்நடை மருத்துவன் உலானை அவளுக்குப் பிடித்திருந்தது, அவனுக்கும் அப்படியே. பையன் வீட்டார் தோடு போட்டு நிச்சயம் செய்ய வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆனால் தோடு போடுவதும் கைகுலுக்குவதும் ஒன்றுமில்லை. ஆட்டின் வால் கொழுப்பையும் ஈரலையும் சேர்த்து, சம்பந்திக்குச் சம்பந்தி கையால் ஊட்டிக்கொள்ள வேண்டும். அதை விழுங்கிவிட்டால் அப்புறம் பின்வாங்குவது கிடையாது. விழுங்குகிறவரை எதுவும் நிச்சயமில்லை. பையனின் சித்தப்பாவுக்கோ சொந்தப் பள்ளத்தாக்கிலேயே ஒரு பெண்ணைப் பார்த்து முடித்துவிட வேண்டும் என்று ஆசை. அவருக்கு ஒரு சாக்குக் கிடைத்தால் போதும். இது மீரிமுக்குத் தெரியும். தன் அப்பா எப்படிப்பட்ட சாக்கு என்பதும் தெரியும்.

காலையிலேயே அவரைச் சமையலறையில் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, இன்னிக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், யாரையும் நீங்க என்ன வகைன்னு சொல்லக் கூடாது."

"நான் எங்கம்மா சொல்றேன்? அவங்களா கேக்கறாங்க."

"யாரும் கேக்கறதில்லப்பா. ரொட்டி மேல கை வச்சுச் சொல்லுங்க."

ரொட்டி மேல் கை வைத்துவிட்டால் கிர்கிஸ்காரனுக்கு அதற்கு மேல் கோர்ட் கிடையாது. தோக்தோசுன் வைத்தார். "யாரையும் எந்த வகைன்னும் என் வாயால சொல்லமாட்டேன்."

மீரிம் நிம்மதியாகப் போய்த் தலை வாரிக்கொண்டாள். பாவம்.

மதியத்துக்கு மேல் வேன் வந்து நின்றது. பையனின் அப்பா ஜுமாபாய் இறங்கினார். அம்மா புருல்சா இறங்கினாள். சித்தப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கினார். உலான் தலையைக் குனிந்துகொண்டு இறங்கினான். கடைசியாக டிரைவர் மிர்லான். எல்லாரும் உள்ளே வந்து மெத்தை விரிப்புகளில் உட்கார்ந்தார்கள். தோக்தோசுன் எதிரே உட்கார்ந்து பார்த்தார். பார்க்காமல் இருக்க மட்டும் அவர் சத்தியம் செய்யவில்லையே.

"பாதை எப்படி இருந்துச்சு சம்பந்தி?" என்றார். ஜுமாபாய் புன்னகையோடு தலையாட்டினார். "கணவாய்ல பனி அதிகமோ?" புன்னகை. "இந்த வருஷம் குட்டி நிறைய செத்துப்போச்சாமே?" அதற்கும் அதே புன்னகை, அதே தலையாட்டல். தோக்தோசுனுக்கு உடம்பு சிலிர்த்தது. சமாதானி! பயிற்சியாளர் படம் வரைந்து காட்டிய சமாதானிகூட இவ்வளவு சுத்தமாக இல்லை.

புருல்சாவோ உட்கார்ந்தது முதல் அதிகாரம்தான். "கதவைச் சாத்துங்க! நீங்க இப்படி வாங்க! டீயை முதல்ல அவருக்கு ஊத்துங்க!" ஒவ்வொரு சொல்லுக்கும் அலமாரியில் கிண்ணங்கள் அதிர்ந்தன. இவர் ஆள்பவர், அந்த வீட்டின் உண்மையான தலை இவர்தான் என்பதில் சந்தேகமே இல்லை. டிரைவர் மிர்லான் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, விளக்கையே வெறித்து, ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார். கவனிப்பவர். ஆழமான ஆள். இவர்களுடைய பயம், தங்களுக்குள்ளே ஒன்றுமில்லை என்று உலகம் கண்டுபிடித்துவிடுமோ என்பது. இவ்வளவு பெரிய மனசை வாசலோரத்தில் உட்கார வைத்திருக்கிறார்களே!

சொல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் தவித்தார் தோக்தோசுன். தேநீரைக் குடித்தார். பொரித்த மாவுத் துண்டுகளைத் தின்றார். தாங்கவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனார். அங்கே பெரிய தட்டில் ஆடு வெந்து ஆவி பறக்க இருந்தது.

எந்த எலும்பு யாருக்கு என்பது நம் ஊரில் நடக்கப் பழகுகிற குழந்தைக்கும் தெரியும். இடுப்பு எலும்பு வந்தவர்களில் மூத்த ஆணுக்கு. வால் எலும்பு மூத்த பெண்ணுக்கு. தலை அடுத்த ஆணுக்கு. அப்புறம் தொடை, தோள், விலா என்று வயதும் வரிசையும் பார்த்து இறங்கிக்கொண்டே வரும். இதில் ஒரு எலும்பு மாறினால் ஒரு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. தோக்தோசுன் அந்த எலும்புகளைப் பார்த்தார். வயதைப் பார்த்துக் கொடுக்கிறார்கள், வரிசையைப் பார்த்துக் கொடுக்கிறார்கள். மனசைப் பார்த்து யார் கொடுத்தார்கள்? வாயால்தானே சொல்லக் கூடாது?

"நீ போய் அவங்களோட உக்காரு" என்றார் மனைவியிடம். "கறியை நான் பிரிச்சு எடுத்துட்டு வரேன்."

கல்யாணமான நாள் முதல் இப்படி ஒரு வாக்கியத்தை அனார்குல் கேட்டதில்லை. சந்தோஷத்தில் யோசிக்காமல் போய்விட்டாள்.

தோக்தோசுன் ஒவ்வொரு தட்டாகக் கொண்டுவந்து, இரண்டு கையாலும் பிடித்து, மரியாதையாக வைத்தார். கவனிப்பவரான மிர்லானுக்கு, உள்ளே நிறையட்டும் என்று, இடுப்பு எலும்பு. சமாதானியான ஜுமாபாய்க்கு, கடிக்காமலே கரைகிற, யாருக்கும் தொந்தரவு தராத வால் எலும்பு. ஆள்பவரான புருல்சாவுக்கு ஆட்டுத்தலை. சித்தப்பாவுக்கு விலா, அவரை இன்னும் முழுதாகப் படித்து முடிக்கவில்லை. வைத்துவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்து, பூரிப்போடு எல்லாரையும் பார்த்தார்.

யாரும் தட்டைத் தொடவில்லை.

ஆட்டுத்தலை புருல்சாவைப் பார்த்தது. புருல்சா ஆட்டுத்தலையைப் பார்த்தாள். ஜுமாபாய் வால் எலும்பை விரலால் ஒரு புரட்டுப் புரட்டினார். வந்ததிலிருந்து முகத்தில் இருந்த புன்னகை மெல்ல இறங்கியது. மிர்லான் தன் மடியில் யாரோ பிள்ளையைப் பெற்றுப் போட்டுவிட்டுப் போனதுபோல இடுப்பு எலும்பைப் பார்த்து நடுங்கினார்.

"இது... எனக்குங்களா?" என்றார், வாயைப் பாதி திறந்து.

சித்தப்பா எழுந்தார். இதற்காகத்தானே கணவாய் தாண்டி வந்தார்? "அண்ணே, எழுந்திரிங்க. அவங்க சொல்ல வேண்டியதைக் கறியிலேயே சொல்லிட்டாங்க. உங்களைப் பொம்பளைங்கறாங்க, அண்ணியை ஆம்பளைங்கறாங்க, டிரைவரைச் சம்பந்திங்கறாங்க. வாங்க, பொழுதோட போயிடலாம்."

"சித்தப்பா, கொஞ்சம் உக்காருங்களேன்" என்றான் உலான்.

அனார்குல் கணவனின் விலாவில் இடித்தாள். "ஏங்க, என்ன பண்ணி வச்சிருக்கீங்க? உங்களுக்கு என்ன கேடு?"

மீரிம் வாசற்படியில் வந்து நின்றாள். கையில் வால் கொழுப்பும் ஈரலும் வைத்த கிண்ணம். கொழுப்பு ஆறி ஓரத்தில் வெள்ளையாக உறைய ஆரம்பித்திருந்தது.

ஜுமாபாய் பாதி எழுந்துவிட்டார். வீடே அதிரும் குரலில், "சம்பந்தி! நான் என்ன தப்புப் பண்ணேன்?" என்றார்.

தோக்தோசுன் வாயைத் திறந்தார், மூடினார், திறந்தார். ரொட்டி மேல் கை வைத்தாயிற்றே. மகளைப் பார்த்தார். மீரிம் தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள், இடுப்பு எலும்பில் நின்றாள், புரிந்துவிட்டது.

"சொல்லுங்கப்பா" என்றாள். "ரொட்டிகிட்ட நான் பேசிக்கறேன்."

"சம்பந்தி, அவமரியாதை இல்ல" என்று தோக்தோசுன் ஆரம்பித்தார். "உங்க மனசைப் பாத்துத்தான்..."

"ஆங்?"

"சத்தமாப் பேசுங்க!" என்று கத்தினாள் புருல்சா. "கணவாய் ஏறினதுலேருந்து ரெண்டு காதும் அடைச்சுக்கிச்சு இவருக்கு! ஒண்ணும் கேக்கல! எதைச் சொன்னாலும் சிரிக்கறாரு! கத்திக் கத்தி என் தொண்டையே போச்சு!"

ஒரே மூச்சில் ஒரு சமாதானியும் ஓர் ஆள்பவரும் காலி.

"எனக்குப் பல்லு வலிண்ணே" என்றார் மிர்லான் பரிதாபமாக. "வீங்கிக் கிடக்கு. கஞ்சியே இறங்காது. இதுல இவ்வளவு பெரிய எலும்பு."

வேறு யாராவதாக இருந்தால் இந்த இடத்தில் பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்று பார்த்திருப்பார்கள். ஆனால் இந்த இனத்தை நீங்கள் குறைவாக எடை போடக் கூடாது. உண்மை வந்து மோதினால் உண்மைக்குத்தான் அடிபடும்.

"காது அடைச்சா எல்லாரும் சிரிக்கறாங்களா?" என்று தோக்தோசுன் ஜுமாபாயின் காதருகே போய்க் கத்தினார். "எரிஞ்சு விழுவாங்க! நீங்க சிரிச்சீங்க! அதுதான் சமாதானி! உங்க பலம், மொறைச்சுக்கிட்டுப் போற ரெண்டு பேரை ஒரே தட்டுல சாப்பிட வைக்கறது! உங்க பயம், உங்களால ஒரு குடும்பம் பிரிஞ்சிடக் கூடாதுங்கறது! உங்க ஆசை, வீட்ல எல்லாரும் ஒண்ணா உக்காந்திருக்கணும், அவ்வளவுதான்!"

தெருவில் போன இரண்டு பேர் நின்று கேட்டார்கள்.

ஜுமாபாய் மெல்ல உட்கார்ந்தார். அவரைப் பற்றி இதுவரை உலகம் சொன்னதெல்லாம், குதிரைக்கு நல்ல விலை பேசுவார், குறட்டை விடுவார், இந்த இரண்டுதான். இப்படி ஒரு மனிதன் தனக்குள் இருக்கிறான் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

"புருல்சா," என்றார், "கேட்டியா?"

"இவரா சமாதானம்?" என்று புருல்சா அவர் காதுக்கு எட்டும்படி கத்திக் கையை விரித்தாள். "போன வசந்தத்துல ஒரு வேலிக்காக அண்ணனும் தம்பியும் மண்வெட்டியோட நின்னாங்க. ஊரே பாத்துச்சு."

"வேலியைப் பிடுங்கினது யாரு? நான்தானே? பிரிஞ்சிடக் கூடாதுன்னு நான்தான் பிடுங்கினேன். அவரு சரியாத்தான் சொல்றாரு."

"அண்ணே, அந்த வேலியை நாங்கதான்..." என்ற சித்தப்பா நிறுத்தினார். நின்றுகொண்டிருந்தவர் எதையோ யோசித்தார். பிறகு, சும்மா கேட்பதுபோல, "அது சரி, நான் என்ன வகை?" என்றார்.

உட்காராமல் அதைக் கேட்க முடியாது. உட்கார்ந்தார்.

"பல்லு வலி இல்லாதப்ப நான் என்னவா இருப்பேன்?" என்று மிர்லானும் கேட்டார்.

தோக்தோசுன் வாழ்க்கையில் அப்படிப்பட்ட ஒரு மாலை அமைந்ததில்லை. கேட்கிறார்கள்! அவர்களாகவே கேட்கிறார்கள்! அவர் சித்தப்பாவின் பயத்தைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது, அனார்குல் சத்தமில்லாமல் குனிந்து, இடுப்பு எலும்பை ஜுமாபாய்க்கும், வால் எலும்பைப் புருல்சாவுக்கும், தலையைச் சித்தப்பாவுக்கும் மாற்றி, மிர்லானுக்கு வெதுவெதுப்பாகச் சூப்பு ஊற்றிக் கொடுத்தாள். ஒருவரும் கவனிக்கவில்லை. எல்லாரும் தங்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மீரிம் கொழுப்பும் ஈரலும் கொண்டுவந்து வைத்தாள். புருல்சா ஒரு துண்டுக் கொழுப்பை ஈரலோடு சேர்த்து எடுத்தாள். தோக்தோசுனின் வாய்க்கு நேராக நீட்டினாள். நிறுத்தினாள்.

"இருங்க சம்பந்தி. எல்லாருக்கும் சொன்னீங்க. எங்க வீட்டுக்கு வரப்போறவளைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே? இவளுக்கு எது பயம்? சொல்லி வச்சா எனக்கு வசதியா இருக்கும்ல."

எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. மாமியார் ஆகப்போகிறவள் கேட்கிற சாதாரணக் கேள்விதான். தோக்தோசுனும் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தார். பதில் அவரிடம் இருந்தது. எந்தப் பயிற்சியாளரும் வட்டம் போட்டுச் சொல்லித்தந்த பதில் அல்ல. பள்ளிக்கூடத்து வாசலில் விட்டால் மீரிம் நாலடி போய்த் திரும்பிப் பார்ப்பாள். அப்பா அங்கே இல்லையென்றால் அப்படியே நின்றுவிடுவாள். இப்போதும், மருந்துக்கடைக்குப் போகும்போது தெருமுனையில் ஒருமுறை திரும்புவாள். அதற்காகவே அவர் வாசலில் பனியைச் சுரண்டுகிற மாதிரி நிற்பார். வேனில் ஏறி அந்தக் கணவாயைத் தாண்டிப் போகப்போகிற பெண். அதை இந்த விரிப்பில், எலும்புகளுக்கும் தேநீர்க் கிண்ணங்களுக்கும் நடுவில், எடுத்து வைப்பதா? வைத்துவிட்டால் நாளைக்கு அது யார் கைக்கும் எட்டுமே.

மீரிம் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவளுக்கா?" என்றார் தோக்தோசுன். "அவளுக்குப் பயம்னு ஒண்ணு கிடையாது சம்பந்தியம்மா."

"அப்படி ஒரு வகை இருக்கா?"

"இல்ல. அவ எந்த வகையிலயும் சேரமாட்டா."

மீரிம் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு கிண்ணங்களை அடுக்கினாள். அடுக்கி வைத்திருந்தவற்றையே மறுபடி அடுக்கினாள்.

"பயமே இல்லாதவளா!" என்றாள் புருல்சா. "நல்லதாப் போச்சு. இந்த டிரைவரோட கணவாய் தாண்டறதுக்கு அப்படி ஒருத்திதான் வேணும்." சொல்லிக்கொண்டே கொழுப்பும் ஈரலுமாக ஒரு பெரிய துண்டை அவர் வாயில் திணித்தாள். வாய் நிறைந்துவிட்டது. மென்றார், விழுங்கினார். பிறகு தன் கையால் ஜுமாபாய்க்கு ஊட்டினார். சித்தப்பாகூட ஒரு துண்டை எடுத்துக்கொண்டார். தன் பலம் விசுவாசம் என்று கொஞ்ச நேரம் முன்புதான் தெரிந்துகொண்டிருந்தார். அதை உடனே காட்ட வேண்டியிருந்தது. தோடு போட்டார்கள். வழக்கப்படித் தங்கள் முகத்தைக் கைகளால் வழித்து வாழ்த்தினார்கள். மிச்ச எலும்புகளைப் பாலிதீன் பைகளில் கட்டிக்கொண்டு, வேனில் ஏறிப் போனார்கள்.

இத்தோடு தோக்தோசுன் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? அவர் மகள் விஷயத்தில் மட்டும் வாயைத் திறப்பதில்லை. மற்றபடி அலுவலகத்தில் கரண்ட் கேட்டு வருகிறவர்களின் நிலைமை முன்னைவிட மோசம். காரணம், இப்போது நாரினிலிருந்தும் ஆதரவு கிடைக்கிறது. அடிக்கடி ஜுமாபாய் போன் செய்கிறார். காது சரியாகிவிட்டது, ஆனாலும் கத்துகிறார்.

"சம்பந்தி! ஒருத்தன் வந்தான். குதிரையைப் பாத்தான், பல்லைப் பாத்தான், விலை பேசினான், டீ குடிச்சான், வாங்காமலே போறான். அவன் என்ன வகை?"

"திரும்பிப் பாத்தானா?"

"ரெண்டு தடவை பாத்தான்."

"அப்ப காவலர்தான்! நாளைக்கு வருவான்!"

மறுநாள் வந்துவிட்டானாம். இனிமேல் ஜுமாபாயை யாராலும் காப்பாற்ற முடியாது. அங்கே சித்தப்பா தன் மந்தையில் இருக்கிற செம்மறிகளைக்கூட வகை பிரிக்கிறார் என்று கேள்வி.

இதையெல்லாம் படித்து நீங்கள் சிரித்தீர்கள். நல்லது. ஆனால் முதல் பக்கத்திலேயே, "இது அப்படியே நம்ம மச்சான்" என்றோ, "ஆபீஸ்ல அந்த மேனேஜர் இருக்காரே" என்றோ ஒருவரைப் பிடித்துக்கொண்டுவந்து தோக்தோசுன் இடத்தில் உட்கார வைத்துவிட்டீர்களே, அது எப்படி? அவரைக் கேட்டீர்களா? அவர் காதில் அடைப்பு இருக்கிறதா, பல்லில் வீக்கம் இருக்கிறதா என்று பார்த்தீர்களா? எட்டு வகையில் நாம் எதுவாக இருப்போம் என்று நடுவில் ஒருமுறை யோசிக்கவும் செய்தீர்கள். எதுவும் அவ்வளவாகப் பொருந்தவில்லை, நாம் சற்று வேறு மாதிரி, நாம் பார்க்கிறவர்கள் என்று உதட்டோரத்தில் ஒரு சிரிப்புகூட வந்தது.

பரவாயில்லை, நான் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த விருந்தில் மட்டும் கறி பரிமாறுகிற வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.